பாடசாலை உணவின் போசாக்கும் கமக்காரரின் கடமையும்

நெல்லையும் மரக்கறியையும் விளைவிப்போர் தம் விளைபொருளின் மதிப்பை நிறையாலும் விலையாலும் அளந்தறிவது வழக்கம். சந்தையில் தராசு காட்டும் கணக்கு அதுவே. ஆயினும் உணவுப் பொருளுக்கு வேறொரு கணக்கும் உண்டு. உண்பவரின் உடலுக்கு அது எத்துணை வளர்ச்சியையும் வலிமையையும் தருகின்றது என்பதே அக்கணக்கு. வீட்டில் உண்பவர் தமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கி உண்ணலாம். பாடசாலை, வைத்தியசாலை, சிறுவர் இல்லம், முதியோர் இல்லம், சிறைச்சாலை ஆகிய பொதுத் தாபனங்களில் உண்பவருக்கோ அவ்வசதி இல்லை. வைத்ததையே உண்ண வேண்டும். ஆகவே, அவர்களது உணவின் தரத்தை அவர்களுக்காக மற்றவர்கள் கவனித்தல் இன்றியமையாதது.

இப்பணி வைத்தியருக்கும் சுகாதார உத்தியோகத்தருக்கும் மட்டுமே உரியதென்று பலர் எண்ணுகின்றனர். அது முற்றும் சரியன்று. அரிசியும் கீரையும் சமையற் பானையை அடையும்போது அவற்றில் எவ்வளவு சத்து எஞ்சியிருக்கின்றது, எவ்வளவு நஞ்சு ஒட்டியிருக்கின்றது என்பன வயலிலும் களத்திலும் ஆலையிலும் பெரும்பாலும் முன்னரே தீர்மானமாகிவிடுகின்றன. மாத்தளை மாவட்டத்துக் கமக்காரர் இக்கண்காணிப்பில் ஏற்க வேண்டிய பங்கினை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

கண்காணிப்பு ஏன் வேண்டும்?

2016 ஆம் ஆண்டு நடைபெற்ற குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுள் 100 க்கு 17 பேர் தம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவராய் இருந்தனர். தோட்டப் பகுதிகளில் இத்தொகை 100 க்கு ஏறத்தாழ 32 ஆகும். மாத்தளை மாவட்டத்தில் நெல் விளையும் கிராமங்களும் இரத்தோட்டை, உக்குவெல, எல்கடுவ ஆகிய பக்கங்களிலுள்ள தோட்டங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒரே வீதியால் செல்லும் பிள்ளைகளுள் ஒருவர் நன்கு வளர, மற்றவர் குறுகி நிற்பதை நாம் காண்கின்றோம்.

இக்குறையைப் போக்கும் வழிகளுள் பாடசாலை உணவும் ஒன்று. அதனை ஆரம்பப் பிரிவு மாணவர் எல்லோருக்கும் விரிவாக்கும் ஏற்பாடு 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடக்கிவைக்கப்பட்டது. ஆயின், பிள்ளைக்கு இவ்வளவு என்று வரையறுத்த தொகையைக் கொண்டே இவ்வுணவு ஆக்கப்படுகின்றது. விலைவாசி ஏறும்போது அத்தொகை வாங்கும் பொருள் குறைகின்றது. 2022 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவு விலை முந்தைய ஆண்டிலும் 94.9 வீதம் உயர்ந்திருந்தது. அத்தகைய காலத்தில் தட்டிலிருந்து முதலில் மறையக்கூடியன முட்டையும் மீனும் பருப்பும் ஆகும். சோறு மட்டும் குறையாது நிற்கும். தட்டு நிறைந்திருப்பதைக் கண்டு, பிள்ளை நிறைவாக உண்டது என நினைத்தல் பிழையாகும்.

சிறைச்சாலைகள் கற்பித்த பாடம்

நிறைந்த தட்டிலும் நோய் இருக்கக்கூடும் என்பதை உலகுக்கு உணர்த்தியது அரிசியே. யாவாத் தீவு ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்த காலத்தில் பெரிபெரி என்னும் நோய் அங்கே பலரை வாட்டியது. கால்கள் மரத்து, வலுவிழந்து, இருதயம் தளர்ந்து மனிதர் மடிந்தனர். கிறிஸ்தியான் ஐக்மன் என்னும் வைத்தியர், வைத்தியசாலையில் எஞ்சிய வெண்சோற்றை உண்ட கோழிகளும் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசியை உண்ணத் தொடங்கியபின் அவை தேறுவதையும் கண்டார். மனிதருக்கும் இது பொருந்துமோ என்னும் ஐயத்தைத் தீர்க்க அடொல்ப் வோர்டர்மன் என்னும் சுகாதார அதிகாரி முன்வந்தார். அவர் யாவாவிலுள்ள 101 சிறைச்சாலைகளில் எவ்வகை அரிசி வழங்கப்படுகின்றது, எங்கே நோய் தோன்றுகின்றது என்று ஆராய்ந்து, 1897 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்.

தவிடு நீங்காத அரிசி வழங்கிய 37 சிறைச்சாலைகளுள் ஒன்றில் மாத்திரமே பெரிபெரி காணப்பட்டது. நன்கு தீட்டிய வெள்ளையரிசி வழங்கிய 51 சிறைச்சாலைகளுள் 36 இல் அந்நோய் இருந்தது. கைதிகள் எல்லோருக்கும் வயிறு நிறையச் சோறு கிடைத்திருக்கலாம். எனினும் தவிட்டுடன் நீங்கிய நுண்ணிய சத்து அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் தயமின் எனவும் விற்றமின் பி1 எனவும் பெயர் பெற்றது அச்சத்தே. ஐக்மன் 1929 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டியன இரண்டு. பொதுத் தாபனத்தில் எல்லோரும் ஒரே பானையில் உண்பதால், அப்பானையின் குறை எல்லோரையும் ஒருங்கே தாக்கும் என்பது ஒன்று. அக்குறை சமையற்காரரின் கையில் அன்றி, நெல்லைக் குற்றிய முறையிலே இருந்தது என்பது மற்றொன்று.

கண்ணுக்குத் தோன்றாத குறை

இனி ஓர் எளிய கணக்கினைப் பார்ப்போம். 100 பிள்ளைகள் உண்ணும் பாடசாலை ஒன்றை எடுத்துக்கொள்க. பிள்ளைக்கு 75 கிராம் அரிசி வீதம் 7½ கிலோ அரிசியும், 20 கிராம் பயறு வீதம் 2 கிலோ பயறும், முட்டை 100 உம் சமைப்பதாகக் கொள்வோம். அரிசியில் 100 க்கு ஏறத்தாழ 7 பங்கும் பயற்றில் 24 பங்கும் புரதம் உண்டு. ஆகவே அரிசியால் 5 கிராம், பயற்றால் 5 கிராம், முட்டையால் 6 கிராம் என ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 16 கிராம் புரதம் கிடைக்கும்.

பயற்றின் அளவு 2 கிலோவிலிருந்து 1 கிலோ ஆகக் குறைந்தால் யாது நேரும்? நீர் சற்று மிகுதியாகச் சேரும். கறியின் அளவு குறையாது. அகப்பை முன்போலவே நிரம்பும். ஆனால் பிள்ளைக்குக் கிடைக்கும் புரதம் 2½ கிராம் குறைந்துவிடும். முட்டையும் இல்லையெனில் 16 கிராம் 8 கிராமுக்கும் சற்றே குறைவாகச் சுருங்கும். பிள்ளையின் பசி தீரும். வளர்ச்சிக்கு வேண்டிய பொருள் பாதியாகும். இக்குறை கண்ணுக்கும் நாவுக்கும் தோன்றாது. சமைக்குமுன் தராசில் இட்டு நிறுத்துப் பார்த்தால் மட்டுமே தோன்றும். எனவே சமைத்த உணவைப் பார்வையிடுதல் மாத்திரம் கண்காணிப்பு ஆகாது. விளையும் இடம், சமைக்கும் இடம், உண்ணும் பிள்ளை ஆகிய மூன்றையும் நோக்குதல் வேண்டும்.

விளையும் இடத்தில் கவனிக்க வேண்டியவை

நெல்: பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் கொடுக்கும் அரிசியை மிகத் தீட்டலாகாது. சிவப்பரிசி இனங்களின் தவிட்டுப் படலம் இயன்றவரை எஞ்சியிருக்குமாறு ஆலையிற் சொல்லிக் குற்றுவித்தல் நன்று. அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த ஏ.ரி. 362 அத்தகைய சிவப்பரிசி இனங்களுள் ஒன்று. வெள்ளையரிசியே வேண்டுமாயின் புழுக்கிக் குற்றுதல் சிறந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகின்றது. தவிடு மிகுந்த அரிசியில் எண்ணெய்ப் பசை உண்டு. நெடுநாள் வைத்தால் சிக்கு நாற்றம் உண்டாகும். ஆதலால் நெல்லை நெல்லாகவே சேமித்து, இரண்டு மூன்று கிழமைக்கு வேண்டிய அளவை மட்டும் அவ்வப்போது குற்றுக. சேமிக்கும் நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படலாகாது.

சோளமும் கச்சானும்: ஈரம் போகாமல் மூட்டை கட்டிய சோளத்திலும் கச்சானிலும் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து அஃப்லடொக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றது. ஈரலைக் கெடுக்கும் இந்நஞ்சு கொதிக்கவைத்தாலும் முற்றாக நீங்குவதில்லை. 1973 ஆம் ஆண்டு தொடக்கம் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா, சோளத்தையும் சோயாவையும் கொண்டு ஆக்கப்படுவதாகும். 2022 ஆம் ஆண்டில் சோளத்தில் அஃப்லடொக்சின் அளவு மிகுந்திருந்தமையால் சிறு குழந்தைகளுக்குரிய திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டது. களத்தில் உலர்த்தும் வேலையில் நேரும் சோர்வு எங்கோ ஒரு குழந்தையின் கிண்ணத்தை வெறுமையாக்கக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. கதிர்களை வெறுநிலத்தில் இடாது பாயிலோ சீமெந்துக் களத்திலோ பரப்பி, நன்கு உலர்த்தி, பூஞ்சணம் பிடித்த மணிகளைப் பொறுக்கி அகற்றுக. அவ்வாறு அகற்றியதைக் கோழிக்கும் இடலாகாது.

கீரை வகை: வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் ஆகியவற்றை அறுத்த அன்றே கொடுத்தல் வேண்டும். வாடுந்தோறும் அவற்றின் விற்றமின் சி குறைந்து செல்லும். கழிவு நீர் ஓடும் கானோரத்தில் வளர்ந்த கீரையை எவ்வாற்றானும் கொடுக்கலாகாது. கீரையை அரியுமுன் பலமுறை கழுவுதல் வேண்டும்; அரிந்தபின் கழுவினால் சத்தும் நீருடன் கழியும். பச்சைச் சம்பலிலும் பார்க்க, தேங்காய்ப்பூ இட்டு அளவாக வதக்கிய வறையே பாடசாலைக்கு ஏற்றது. கீரையிலும் பூசணியிலும் கரட்டிலும் உள்ள கரோட்டீன் கொழுப்புடன் சேரும்போதே உடலில் நன்கு சுவறும்; அதுவே விற்றமின் ஏ ஆக மாறிக் கண்ணைக் காக்கும்.

பீடைநாசினியும் காத்திருப்புக் காலமும்

தம்புள்ளை, கலேவெல, நாவுல பகுதி மரக்கறிச் செய்கையாளருக்கு இதுவே கடினமான பகுதி என்பதைத் திணைக்களம் நன்கு அறியும். நாசினியைக் கடைசியாகத் தெளித்த நாளுக்கும் காய் பறிக்கும் நாளுக்கும் இடையே கழிய வேண்டிய காத்திருப்புக் காலம் ஒவ்வொரு போத்தலின் சுட்டியிலும் குறிக்கப்பட்டிருக்கும். பூசணி போன்று நெடுநாள் இடைவிட்டுப் பறிக்கும் பயிரில் இதனைக் கடைப்பிடித்தல் எளிது. கத்தரி, வெண்டி, பயற்றை, பாகல் போன்றவற்றையோ சில நாளுக்கு ஒருமுறை பறிக்க நேர்கின்றது. சுட்டியிற் குறித்த காலம் 7 நாளாகவும் பறிப்பு 4 நாளுக்கு ஒருமுறையாகவும் இருப்பின், இடையில் வரும் பறிப்பு நஞ்சு கலந்ததாகிவிடும்.

இதற்குச் செய்யக்கூடியவை வருமாறு. கத்தரியில் புழு துளைத்த நுனிகளையும் காய்களையும் கிள்ளி அழித்து வந்தால் தெளிக்க வேண்டிய தடவைகள் குறையும். தெளித்தே ஆகவேண்டிய நிலை வரின், விற்கத் தகுந்த காய்கள் அனைத்தையும் முதலிற் பறித்துக்கொண்டு அதன்பின் தெளிக்க. காத்திருப்புக் காலம் குறைந்த நாசினியைத் தெரிந்தெடுக்க. அக்காலத்துள் முற்றிவிடும் காய்களை விற்பனைக்கு எடுக்காது அகற்றுக. ஓரிரு பறிப்பு நட்டமாகும் என்பது உண்மையே. ஆயினும் கழுவினால் நஞ்சு போய்விடும் என்று ஆறுதலடைதல் வேண்டாம். மேலே படிந்ததில் ஒரு பகுதி கழுவுதலால் நீங்கும், பயிரினுள் ஊடுருவும் நாசினி கழுவுதலால் நீங்காது.

கமக்காரர் சிலர் சந்தைக்கென ஒரு பாத்தியும் தம் வீட்டுக்கென நாசினி தெளிக்காத மற்றொரு பாத்தியும் செய்வதுண்டு. தம் பிள்ளைக்கு எது ஏற்றது என்பதை அவர்கள் அறிந்தே செய்கின்றனர். அவர்களிடம் திணைக்களம் வேண்டுவது ஒன்றே: பாடசாலைக்குக் கொடுக்கும் மரக்கறி சந்தைப் பாத்தியிலிருந்து அன்றி வீட்டுப் பாத்தியிலிருந்து செல்லட்டும். பாடசாலையில் உண்பதும் அதே பிள்ளைதான்.

வெறும் போத்தலும் பகையே

2013 ஆம் ஆண்டு யூலை 16 ஆம் திகதி, இந்தியாவின் பீகார் மாநிலத்துச் சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பாடசாலையின் மதிய உணவை உண்ட 23 பிள்ளைகள் இறந்தனர். சமையலுக்குப் பயன்பட்ட எண்ணெயில் மொனோகுரோட்டபொஸ் என்னும் கொடிய பூச்சிநாசினி கலந்திருந்தது. நாசினி இருந்த கலத்தில் எண்ணெயை ஊற்றி வைத்தமையே இதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது. இந்நாசினியை இலங்கை 1995 ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. எனினும் வேறு நாசினிகளின் போத்தல்களும் தகரங்களும் கமக்காரர் இல்லங்களில் இன்றும் உள்ளன. அவற்றை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, கலத்தைத் துளையிட்டுப் பயனற்றதாக்குக. எண்ணெய், தேன், பால், குடிநீர், விதைதானியம் எதனையும் அதில் இடலாகாது. நாசினியை உணவுப் பொருளுடன் ஒரே சாக்கிலோ ஒரே வண்டியிலோ ஏற்றிச் செல்லலும் ஆகாது.

சமைக்கும் இடத்தில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

கமக்காரர் பொருளைக் கொடுப்பவர் மட்டுமல்லர், பெற்றோரும் ஆவர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அவர்களுக்கு இடமுண்டு. அதிபருடனும் உணவு சமைத்துக் கொடுப்பவருடனும் நல்லுறவு பூண்டு, பின்வருவனவற்றை ஒழுங்காகச் செய்தால் போதும்:

1. உணவுப் பட்டியலைப் பாடசாலைச் சுவரில் எல்லோரும் காணுமாறு தொங்கவிடுக. அன்று சமைத்ததையும் அதன் பக்கத்தில் எழுதுக.

2. கிழமைக்கு ஒருமுறையேனும் அரிசி, பயறு, கீரை, முட்டை ஆகியவற்றைச் சமைக்குமுன் நிறுத்தும் எண்ணியும் பதிவேட்டில் குறிக்க. பிள்ளைகளின் வரவு எண்ணால் அதனை வகுத்துப் பார்க்க.

3. சமைத்து முடித்த நேரத்தையும் பரிமாறிய நேரத்தையும் குறிக்க. வெளிச்சூட்டில் 4 மணித்தியாலத்துக்கு மேல் இருந்த உணவைக் கொடுத்தலாகாது.

4. பரிமாறுமுன் பெரியவர் ஒருவர் உண்டு பார்க்க. அதில் ஒரு சிறு பங்கைச் சுத்தமான கலத்தில் இட்டுக் குளிரில் ஒரு நாள் வைத்திருக்க. பிள்ளைகளுக்கு நோய் காணின் அது ஆராய்ச்சிக்கு உதவும்.

5. பிள்ளைகள் எதனை மிச்சம் விடுகின்றனர் என்பதைக் கவனிக்க. தட்டில் விடப்பட்ட கீரை எவருக்கும் சத்தாகாது. சமைக்கும் முறையை மாற்றிப் பார்க்க.

6. உணவுடன் தேநீர் கொடுக்க வேண்டாம். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேயிலை தடுக்கும். சிறிது தேசிக்காய்ச் சாறோ, கொய்யாவோ பப்பாசியோ அதற்கு உதவும்.

இவை எவரையும் குற்றங்காணும் பொருட்டன்று. குறித்த தொகைக்குள் சமைக்கும் பெண்மணியின் இடரும் இப்பதிவேட்டிலேயே வெளிப்படும். முட்டை ஏன் நின்றது என்பது விலை, நாள் ஆகியவற்றுடன் எழுதப்பட்டிருந்தால், வலயக் கல்வி அலுவலகத்திற் பேசுவதற்கு அதுவே வலுவான சான்று.

பழுதான உணவு அல்லது கலப்படம் பற்றிய ஐயம் எழுந்தால், 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உண்டு. அவருக்கு உடன் அறிவித்தல் வேண்டும். வைத்தியசாலைகளுக்கும் இல்லங்களுக்கும் பொருள் வழங்கும் கமக்காரரும் இந்நெறிகளையே பின்பற்றுதல் தகும். நோயாளியின் உடல் பிள்ளையின் உடலைப் போன்றே பொறுக்கும் வலிமை குன்றியது.

பிள்ளையே இறுதி அளவுகோல்

பொருளும் சமையலும் நன்றாயிருப்பினும், பயன் விளைந்ததா என்பதைப் பிள்ளையின் உடலே கூற வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் 1, 4, 7, 10 ஆம் தரத்து மாணவரின் உயரமும் நிறையும் அளக்கப்படுகின்றன. 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளில் எல்லாத் தரத்தினரும் பார்க்கப்படுவர். அந்நாளில் பிள்ளையை வயல் வேலைக்கோ வீட்டு வேலைக்கோ மறித்து வைக்காது பாடசாலைக்கு அனுப்புக. அளவுகளைக் கேட்டு அறிந்து, முன்னைய அளவுடன் ஒப்பிடுக. நாற்று மேடையில் ஒரு பக்கம் மஞ்சளித்தால் எருவையும் நீரையும் ஆராய்கின்றோம். ஒரு வகுப்பிற் பல பிள்ளைகள் மெலிந்திருந்தால் அவ்வாறே பானையையும் பதிவேட்டையும் ஆராய்தல் வேண்டும்.

போகத்துக்கேற்ற திட்டம்

பாடசாலைக்கு நாள்தோறும் மரக்கறி வேண்டும். விளைச்சலோ போகத்துக்குப் போகம் கூடியும் குறைந்தும் வரும். ஆதலால் அயலிலுள்ள நாலைந்து கமக்காரர் கூடி, தவணைக்கு முன்னரே எவர் எதனைக் கொடுப்பது எனத் தீர்மானித்தல் நலம். முருங்கை, அகத்தி, பப்பாசி ஆகியவற்றை வேலியோரத்தில் நட்டால் ஆண்டு முழுவதும் பயன் தரும். நன்கு முற்றிய பூசணியைக் காற்றோட்டமான இடத்தில் அடுக்கி வைத்தால் மழைக்காலத்துத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கலாம். நெல் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே வயலில் ஈரம் எஞ்சியிருப்பின், ஏறத்தாழ 65 நாளில் விளையும் பயற்றை இடைப்போகமாக விதைக்கலாம். மண்ணும் வளம்பெறும், பாடசாலைக்குப் புரதமும் கிடைக்கும். வீட்டில் சில முட்டைக்கோழிகளை வளர்த்தலும் இத்திட்டத்தைச் சேர்ந்ததே.

1999 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தினூடாக இம்மாவட்டத்து மரக்கறி நாட்டின் பல பக்கங்களுக்கும் செல்கின்றது. அத்துணை உணவை அனுப்பும் மாவட்டத்தின் பிள்ளைகள், பக்கத்து வயலில் புதிதாய் விளைந்ததை விடுத்து வாடிய மரக்கறியை உண்ணுதல் பொருத்தமன்று. ஒரு பாடசாலைக்கு வேண்டியது மிகச் சிறிதளவே. 100 பிள்ளைகளுக்கு 30 கிராம் வீதம் கீரை கொடுக்க, தண்டும் பழுப்பும் நீக்கியபின் 3 கிலோ போதும். ஒரு சிறு பாத்தி அதனைத் தரும்.

கமக்காரர்களே! பாடசாலைத் தட்டிலுள்ள சோற்றின் தரத்தை அளக்கும் முதற்கருவி உங்கள் கையிலேயே உள்ளது. நன்கு உலர்த்துக, அளவாகத் தீட்டுக, காத்திருந்து பறிக்க, அன்றே கொடுக்க. காத்திருப்புக் காலம், இடைப்போகப் பயிர், சேமிப்பு முறை என்பன பற்றிய விளக்கங்களுக்கு உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரை நாடுக.